துபாயில் ஒரு வன்னி மரம்

"மணலெல்லாம் எங்கம்மா போச்சு?"

ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் பெரியப்பா கேட்ட முதல் கேள்வி இது. ராத்திரி பதினொன்றரை மணி. சாலிக் என்கிற டோல் கேட்டுக்கு நாலு திர்ஹாம் தண்டம் அழாமல் எந்தப் பக்கம் திரும்பலாம் என்ற யோசனையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். சட்டென்று பதில் வரவில்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் புல்தரை, பெட்டூனியாப் பூ, சொட்டுநீர்க் குழாய், பேரீச்சை மரத்தைச் சுற்றி விளக்குச் சரம். உண்மையிலேயே மணலைக் காணோம்.

பெரியப்பா துபாய்க்குப் புதியவர் இல்லை. 1981-இல் வந்து 1990 வரை இங்கே ஷட்டரிங் கார்பெண்டராக இருந்தவர். எங்கள் விருத்தாசலத்தில் அதே வேலைக்குச் சென்ட்ரிங் என்று பேர். கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் பலகையும் முட்டும் கொடுத்து அச்சு கட்டுகிற வேலை. அந்த ஒன்பது வருஷத்தில் ஊருக்கு வந்தது மூன்றே முறை. கோடாலித் தைலம், பால்பவுடர் டின், ரோஜாப்பூ போட்ட கனத்த போர்வை என்று அவர் கொண்டுவந்த பெட்டியின் வாசனைதான் எனக்கு முதலில் தெரிந்த துபாய். பிறகு நானே கல்யாணமாகி இங்கே வந்து பதினோரு வருஷமாகிறது. தேராவில் ஒரு ஷிப்பிங் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். 34 வருஷம் கழித்து, 2024 அக்டோபரில், ஒரு மாத விசிட் விசாவில் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

இங்கே இருக்கிறவர்கள் ஊர் சுற்றுவது விருந்தாளி வந்தால்தான். மற்ற நாளில் ஆபீஸ், வீடு, லூலூ சூப்பர் மார்க்கெட். அதனால் பெரியப்பாவைச் சாக்காக வைத்து நானும் ஒரு பட்டியல் போட்டேன். 'ஆடம்பரமும் பாலைவன மரபும் கைகோத்து நிற்கும் நகரம்' என்று இந்த ஊரைப் பற்றி எந்த விளம்பரத்தாளைத் திருப்பினாலும் ஒரு வாக்கியம் இருக்கும். ஒரு பக்கம் கண்ணாடிக் கோபுரம், மறுபக்கம் ஒட்டகம். நானும் பதினோரு வருஷமாக அதை அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு மாதத்தில் அது கொஞ்சம் கலைந்தது.

முதலில் போனது அல் ஃபஹிதி. க்ரீக் என்று சொல்லும் உப்பங்கழியின் கரையில், பர்துபாய்ப் பக்கம் மிச்சம் இருக்கிற பழைய தெரு. ஈரானின் தெற்கே பஸ்தக் என்ற ஊர்ப்பக்கமிருந்து வந்து குடியேறிய வியாபாரிகள் கட்டிய வீடுகள். அதனால் பழைய ஆட்கள் இன்னும் பஸ்தகியா என்றே சொல்கிறார்கள். 1894-இல் அப்போதைய ஷேக், வெளியூர் வியாபாரிகளுக்கு வரி கிடையாது என்று அறிவித்தார். எதிர்க்கரையில் பாரசீகத் துறைமுகங்களில் சுங்கம் ஏறிக்கொண்டே போக, வியாபாரிகள் மூட்டை கட்டிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்துவிட்டார்கள். வரியில்லா ஊர் என்பது நேற்று வந்த யோசனை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த வீடுகளின் தலையில் நிற்கிற காற்றுக் கோபுரம்தான் படத்தில் எல்லோரும் பார்ப்பது. அரபியில் பர்ஜீல். நாலு பக்கமும் திறந்த சதுரக் கோபுரம், உள்ளே குறுக்கும் மறுக்குமாக எக்ஸ் வடிவில் ஒரு தடுப்புச் சுவர். எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் அந்தத் தடுப்பில் மோதிக் கீழே அறைக்குள் இறங்கும். அறையின் வெக்கை எதிர்ப்பக்க வழியாக மேலே ஏறிப் போய்விடும். மின்சாரமில்லாத ஏசி என்று வழிகாட்டி சொன்னார். பெரியப்பா அவர் பேச்சைக் கேட்கவில்லை. கோபுரத்துக்கு நேர் கீழே போய் நின்று, சட்டையின் மேல் இரண்டு பட்டனைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே 37 டிகிரி. "வருதும்மா" என்றார்.

பிறகு மேலே பார்த்தார். ஆசாரிக்கு அண்ணாந்து பார்க்காமல் ஓர் அறையை விட்டு வர முடியாது. கூரையில் வரிசையாக உருண்டைக் கொம்புகள், மேலே ஈச்சம்பாய்.

"இது சவுக்கு இல்லியே. என்னா மரம்?"

சந்தல் என்று வழிகாட்டி சொன்னார். ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையிலிருந்து பாய்மரக் கப்பலில் வந்த அலையாத்தி மரக் கொம்பு. பாலைவனத்தில் கூரைக்கு ஏது மரம்? பெரியப்பா கையை விரித்துச் சுவருக்குச் சுவர் நடந்து அளந்தார். பக்கத்து அறையையும் அளந்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எந்த அறையும் கிட்டத்தட்ட பத்துப் பன்னிரண்டு அடி அகலத்துக்கு மேல் இல்லை. நீளம் இஷ்டத்துக்கு இருக்கிறது, அகலம் மட்டும் ஒரே அளவு. "கொம்பு எம்மாம் நீளமோ அம்மாம்தான் ரூம்பு. கப்பல்ல வந்த மரந்தாம்மா பிளான் போட்டிருக்கு." நான் அந்தத் தெருவுக்கு அதற்கு முன் ஆறேழு முறை போயிருக்கிறேன், காபி குடிக்க, போட்டோ எடுக்க. ஒரு தடவைகூடக் கூரையைப் பார்த்ததில்லை.

கோபுரத்திலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கொம்புகள் அழகுக்கு என்று நினைத்திருந்தேன். அதுவும் இல்லை. சுவருக்குப் பிடிமானம், பூச்சு உதிர்ந்தால் ஆள் ஏறி நின்று பூசுவதற்குச் சாரம். "சாரத்தக் கழட்டாமயே வுட்டுட்டான்" என்று பெரியப்பா சிரித்தார்.

இந்தத் தெருவும் பாதிதான் பிழைத்தது. மீதி 1980-களில் அரசு அலுவலக விரிவாக்கத்துக்காக இடிக்கப்பட்டது. இங்கே ஒரு வீட்டைப் புதுப்பித்துக் குடியிருந்த ரெய்னர் ஓட்டர் என்ற ஆங்கிலக் கட்டடக் கலைஞர் விடாமல் எழுதிக் குரல் கொடுத்தார். 1989-இல் துபாய் வந்த பிரிட்டிஷ் இளவரசர் சார்லஸ் தெருவைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் காப்பாற்றச் சொன்னார். அதன்பிறகு இடிப்பு நின்றது. பெரியப்பாவுக்கு இந்தக் கதை புதுசு. அவருக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் வேறு. அன்றைக்கு இந்தத் தெருவில் பணக்காரர் யாரும் இல்லை. ஏசி வந்ததும் அவர்கள் வெளியே போய்விட்டார்கள். காற்றுக் கோபுரத்தின் வாயைப் பலகை வைத்து அடைத்துவிட்டு, தன்னைப் போன்ற தொழிலாளர்கள் அறைக்கு எட்டுப் பேர் பத்துப் பேர் என்று வாடகைக்கு இருந்தார்கள் என்றார். "நம்ம சங்கராபுரத்து ஆளு ஒருத்தரு இங்கதான் கெடந்தாரு. மூட்டப்பூச்சி தாங்காம லேபர் கேம்புக்கே வந்துட்டாரு." இப்போது அதே அறைகளில் ஓவியக் கண்காட்சியும், ஒட்டகப் பால் ஐஸ்கிரீமும்.

அங்கிருந்து கரையோரமாக நடந்தால் துணிக்கடைத் தெரு. அதைத் தாண்டின சந்தில் சிவன் கோயில் இருந்ததே என்று பெரியப்பா தேடினார். 1958-இலிருந்து இருந்த கோயில். வெள்ளிக்கிழமை லீவு நாளில் கேம்பிலிருந்து பஸ் பிடித்து வந்து, மாடிப்படியில் வரிசை நின்று கும்பிட்டுவிட்டு, கீழே வந்து ஊருக்குக் கடிதம் போடுவாராம். அது 2024 ஜனவரியில் ஜெபல் அலிக்கு இடம் மாறிவிட்டது. சந்தில் மட்டும் இன்னும் பூ விற்கிறார்கள். பெரியப்பா ஒரு முழம் மல்லிகை வாங்கி என் கையில் கொடுத்தார். ஊர் விலையை மனசுக்குள் கணக்குப் போட்டாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். காட்டிக்கொள்ளவில்லை.

அப்ரா ஏறினோம். க்ரீக்கைக் கடக்கிற மரத்தோணி. இன்றைக்கும் ஒரு திர்ஹாம்தான். நடுவில் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறவர் மோட்டாரையும் பார்க்கிறார், சில்லறையும் வாங்குகிறார். முதுகுக்கு முதுகு வைத்த பெஞ்சில் இருபது பேர். ஓரத்தில் தடுப்புக் கம்பி கிடையாது. பக்கத்தில் ரஷ்யக் குடும்பம் ஒன்று தொப்பியைப் பிடித்துக்கொண்டு வீடியோ எடுக்க, எதிரே சீருடை போட்ட செக்யூரிட்டிக்காரர் ஒருவர் டிபன் பையை மடியில் வைத்துத் தூங்கினார். அவருக்கு இது பாரம்பரியம் இல்லை, டியூட்டிக்குப் போகிற வழி. இந்த ஊரில் பழசு என்று காட்டப்படுகிறவற்றில் எனக்கு நம்பிக்கையான பொருள் இந்தத் தோணிதான். மெட்ரோ வந்தும், நாலைந்து பாலம் வந்தும் இது நிற்கவில்லை. ஆளுக்கு அக்கரை போக வேண்டியிருக்கிறது.

அக்கரையில் தேராவின் துறையில் பெரிய மரக்கப்பல்கள் இப்போதும் அடுக்கடுக்காகக் கட்டிக் கிடக்கும். ஃப்ரிட்ஜ், டயர், தண்ணீர் பாட்டில், மெத்தை எல்லாம் பிளாட்பாரத்திலேயே குவிந்திருக்கும். ஈரானுக்கும் சோமாலியாவுக்கும் போகிற சரக்கு. இவற்றை நம் ஆட்கள் லாஞ்சு என்பார்கள். பெரியப்பாவுக்கு முந்தின தலைமுறை பம்பாயிலிருந்து லாஞ்சில் வந்து, கரை தெரிகிற தூரத்தில் இறக்கிவிடப்பட்டு, நீந்தி ஏறியதாகக் கதைகள் உண்டு. அப்போது இங்கே செல்லுபடியான பணம் ரூபாய்தான். 1959-இல் வளைகுடாவுக்கென்றே ரிசர்வ் வங்கி தனி நோட்டு அச்சிட்டது. 1966-இல் ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோதுதான் துபாய் அதைக் கைவிட்டது. எண்ணெய் கிடைத்ததும் அதே 1966-தான். ஆனால் மணல் தூர்ந்துபோன இந்தக் கழியை அப்போதைய ஆட்சியாளர் ஷேக் ராஷித் குவைத்தில் கடன் வாங்கி ஆழப்படுத்தத் தொடங்கியது அதற்கும் முன்னால், 1959-இல். எண்ணெய்ப் பணத்தில் முளைத்த ஊர் என்று நாம் சொல்வதை உள்ளூர்க்காரர்கள் ரசிப்பதில்லை, அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

எண்ணெய்க்கு முன் இருந்தது முத்து. கோடையில் நாலு மாதம், ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை, ஆண்கள் எல்லோரும் கடலில். மூக்கில் ஆமையோட்டுக் கிளிப், காலில் கல், கழுத்தில் கூடை. மேலே ஒருவன் கயிறு பிடித்திருப்பான். நம் தூத்துக்குடிப் பக்கத்துச் சங்குக்குளியும் முத்துக்குளியும் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கப்பல் தலைவனுக்கு இங்கே நகுதா என்று பேர். குளிக்கிறவன் சீசனுக்கு முன்பே நகுதாவிடம் முன்பணம் வாங்கியிருப்பான். நகுதா வியாபாரியிடம் வாங்கியிருப்பான். அடுத்த வருஷமும் முங்கினால்தான் இந்த வருஷக் கடன் தீரும். முத்து பம்பாய் போய், அங்கிருந்து பாரிஸ் போய், யார் கழுத்திலோ ஏறும். 1930 வாக்கில் ஜப்பான்காரர்களின் வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து வந்து இந்தத் தொழிலைச் சாய்த்தன. நான் இதைச் சொல்லிக்கொண்டே வந்தபோது பெரியப்பா கேட்டது ஒன்றே ஒன்று. "அப்பவே ஏஜெண்டு இருந்தானா?"

ஏஜெண்டுக்குக் கொடுக்க இவர் வட்டிக்கு வாங்கின பணம் அடைபட இரண்டரை வருஷம் ஆனது என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

புர்ஜ் கலீஃபாவுக்கு மேலே போக டிக்கெட் எடுக்கிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். கீழேயே நின்று பார்த்தார். பக்கத்து ஷேக் ஸாயித் ரோட்டில் நிற்கிற டிரேட் சென்டர் கோபுரம்தான் அவர் காலத்து அதிசயம். 1979-இல் திறந்தது, 39 மாடி, 149 மீட்டர். பழைய நூறு திர்ஹாம் நோட்டில் அந்தக் கட்டடத்தின் படம் இருக்கும். "அதுக்கு அந்தாண்ட ஒண்ணுமே கெடையாதும்மா. வெறும் பொட்டல்." இப்போது அந்தப் பொட்டலில் 828 மீட்டர் நிற்கிறது. 2010-இல் திறந்தார்கள்.

அவருடைய கேள்வி உயரத்தைப் பற்றியது இல்லை. "இந்த வெயில்ல எப்படிக் காங்கிரீட்டு போட்டான்? எறங்குறதுக்குள்ள வெறைச்சுக்குமே." எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கோடையில் ராத்திரியில்தான் கொட்டினார்கள், கலவையில் தண்ணீரோடு ஐஸ் போட்டார்கள், 600 மீட்டருக்கு மேல் வரை ஒரே பம்பில் ஏற்றினார்கள், சென்ட்ரிங்கைக் கழற்றி மாட்டாமல் ஹைட்ராலிக்கில் அதுவாகவே மேலே ஏறிப் போகிற மாதிரி வைத்தார்கள். ஐஸ் என்றதும் பெரியப்பா நிமிர்ந்தார். "எங்களுக்குக் குடிக்கறதுக்கே ஐஸ் தரல" என்றார். கோபம் எல்லாம் இல்லை. ஒரு தகவலைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

அந்தக் கட்டடத்தில் எனக்குப் பிடித்த இரண்டு விஷயத்தை அவருக்குச் சொன்னேன். ஒன்று, அதன் ஏசிக் குழாய்களில் வேர்த்து வடிகிற தண்ணீரைச் சேர்த்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறார்கள். வருஷத்துக்குச் சுமார் 1.5 கோடி காலன். கடற்காற்றின் ஈரத்தைப் பிடித்து மரம் வளர்க்கிறார்கள், அவ்வளவுதான். இரண்டு, ரம்ஜான் நோன்பு. மேல்மாடிக்காரர்களுக்குச் சூரியன் தாமதமாக மறையும். அதனால் 80-ஆவது மாடிக்கு மேலே இருப்பவர்கள் இரண்டு நிமிஷமும், 150-க்கு மேலே இருப்பவர்கள் மூன்று நிமிஷமும் கழித்து நோன்பு திறக்க வேண்டும் என்று துபாயின் மூத்த மதத்தலைவர் ஒருவர் 2011-இல் சொன்னார். கோடிக்கணக்கில் கொடுத்து உயரத்தில் வீடு வாங்கினவருக்கு இரண்டு நிமிஷப் பசி கூடுதல். ஆடம்பரமும் மரபும் கலந்த இடம் என்று எங்காவது விரல் வைக்கச் சொன்னால் நான் இங்கேதான் வைப்பேன், தங்கத் தூள் தூவின காபியில் இல்லை.

டெசர்ட் சஃபாரியைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. ஆளுக்கு இத்தனை என்று கட்டினால் மதியம் வீட்டு வாசலில் லேண்ட்க்ரூசர் வரும். மணல் விளிம்பில் நிறுத்தி டயரில் காற்றைப் பாதிக்கு மேல் இறக்குவார்கள். டயர் அகன்று மணலில் புதையாமல் மிதக்கும். அந்த ஐந்து நிமிஷம்தான் சுவாரஸ்யமானது. எங்கள் டிரைவர் பெஷாவர்க்காரர், பெரியப்பா தன் பழைய வளைகுடா இந்தியைத் தூசு தட்டிக்கொண்டு அவரோடு இறங்கிக் காற்று பிடுங்கினார். பிறகு மேடு பள்ளமாக அரைமணி நேரம் குடல் பிறழ்கிற ஓட்டம். பிறகு கேம்ப். இரண்டு நிமிஷ ஒட்டகச் சவாரி, மருதாணி, கண்ணைக் கட்டின வல்லூறைக் கையில் வைத்துப் போட்டோ, பஃபே. சுழன்று ஆடுகிற தனூரா ஆட்டம் எகிப்திலிருந்து வந்தது. இடுப்பாட்டமும் இந்த மண்ணுடையது இல்லை. பருப்பு வைத்தவர் உத்தரப் பிரதேசத்துக்காரர். 'பதூவின் அனுபவம்' என்று போர்டு இருந்த கூடாரத்தில் பாலைவன நாடோடியான பதூவின் ஒருவர்கூட இல்லை. பெரியப்பா இரண்டு பேரீச்சம்பழம் எடுத்துக்கொண்டு விளக்கில்லாத பக்கமாகப் போய் மணலில் உட்கார்ந்தார். "இங்க இருக்குதா எல்லாம்" என்று ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

வல்லூறு என்றதும் ஒரு விஷயம். இங்கே அதற்குப் பாஸ்போர்ட் உண்டு, 2002-இலிருந்து. வேட்டைக்கு வெளிநாடு போகும்போது விமானத்தில் முதலாளிக்குப் பக்கத்து சீட்டில் போகும். பெரியப்பாவின் பாஸ்போர்ட் ஒன்பது வருஷமும் கம்பெனிக்காரரிடம் இருந்தது. இதையும் அவர்தான் சொன்னார், டிரைவரிடம், இந்தியில், சிரித்துக்கொண்டே.

அடுத்த சனிக்கிழமை விடியலில் அல் மர்மூம் போனோம். ஊரிலிருந்து அல் ஐன் ரோட்டில் முக்கால் மணி நேரம். ஒட்டகப் பந்தயத் திடல். டிக்கெட் கிடையாது, டூரிஸ்டுகளும் அதிகம் இல்லை. பனி மாதிரி ஒரு மெல்லிய தூசிக்குள் வரிசை வரிசையாக ஒட்டகங்கள், முகத்தில் கட்டிய வலைப்பை, முதுகில் வண்ணத் துணி. துணிக்கு மேலே ஒரு சின்னப் பொம்மை மாதிரி எதுவோ உட்கார்ந்திருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் அதற்குப் பட்டுச் சட்டை, தொப்பி. உள்ளே கையகல மோட்டாரும் பேட்டரியும், ஒரு பக்கம் சாட்டை, நடுவில் வாக்கிடாக்கி ஸ்பீக்கர். சாட்டைக் குச்சி சடசடவென்று சுற்றுகிறதா என்று ஒரு பாகிஸ்தானி பையன் ரிமோட்டை அழுத்திச் சோதித்துக்கொண்டிருந்தான். டிரில் மிஷின் சத்தம்.

இந்தப் பொம்மை வந்த கதை நல்ல கதை இல்லை. முன்பு அந்த இடத்தில் குழந்தைகள் உட்கார்ந்திருந்தன. பாகிஸ்தான், வங்கதேசம், சூடான், மொரிட்டானியா என்று ஏழைநாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட ஐந்து ஆறு வயதுப் பிள்ளைகள். எடை கூடக் கூடாதென்று அரைப்பட்டினி. விழுந்து செத்ததும் உண்டு. உலகம் முழுக்கக் கண்டனம் எழுந்த பிறகு 2005-இல் பதினெட்டு வயதுக்குக் கீழானவர்கள் ஓட்டக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். யுனிசெஃப் உதவியோடு ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். அதன் பிறகு ரோபோ. மரபைக் கைவிடவும் முடியவில்லை, பழையபடி நடத்தவும் முடியவில்லை, இன்ஜினியரைக் கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில் மனித முகம் வைத்த பெரிய ரோபோவாக இருந்ததாம், ஒட்டகம் பயப்படக் கூடாதென்று. பிறகு அது தேவையில்லை என்று தெரிந்து இந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது.

தடுப்பு மேலே ஏறியதும் ஒட்டகங்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு பாய்ந்தன. அதைவிடப் பெரிய கூத்து பக்கத்து ரோட்டில். பாதையை ஒட்டி முதலாளிகளின் நிசானும் லேண்ட்க்ரூசரும் முப்பது நாற்பது வண்டி, ஹாரனை அமுக்கிக்கொண்டு ஒட்டகத்தின் வேகத்துக்குச் சமமாக ஓடுகின்றன. ஓட்டுகிறவர் ஒரு கையில் ஸ்டீயரிங், ஒரு கையில் வாக்கிடாக்கி. அவர் காருக்குள் கத்துகிற "ஹே ஹே ஹே" ஒட்டகத்தின் முதுகிலிருந்து கேட்கும். வண்டியின் ஏசிக்குள் உட்கார்ந்தபடி தன் தாத்தாவின் குரலில் ஒட்டகத்தை விரட்டுகிறார். பெரியப்பா கைப்பிடிச் சுவரைத் தட்டி "ஓட்றா ஓட்றா" என்று கத்தியதை நான் வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்.

பந்தயம் முடிந்து வெளியே வருகிற வழியில், ஒரு பிக்கப் வண்டியின் பக்கத்தில் பாய் விரித்து நாலைந்து பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கந்தூரா என்கிற வெள்ளை நீள அங்கி, தலையில் அலட்சியமாகச் சுற்றின துணி. அதில் ஒருவர் பெரியப்பாவின் வெள்ளை வேட்டியைப் பார்த்துக் கையைக் காட்டி அழைத்தார். "ஆவ், பைட்டோ." இந்த வயது எமிராத்திகளில் பலருக்கு இந்தி தெரியும். நான் தயங்கினேன். பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார்.

பேரீச்சம்பழத் தட்டு நகர்ந்து வந்தது. பின்னாலேயே கஹ்வா, அரபிக் காபி. வளைந்த மூக்குள்ள தல்லா என்கிற காபிக் கூஜாவை இடது கையில் பிடித்து, பிடியில்லாத சின்னக் கிண்ணத்தை வலது கையால் நீட்டினார் ஓர் இளைஞர். கிண்ணத்தில் கால்வாசிதான் ஊற்றினார். நிறையக் கொடுத்தால் சீக்கிரம் கிளம்பு என்று அர்த்தமாம். ஏலக்காய் தூக்கலாக, சர்க்கரை இல்லாமல், வைக்கோல் நிறத்தில் இருந்தது. குடித்து முடித்த உடனே மறுபடி ஊற்றினார். நான் "போதும், ஷுக்ரன்" என்று வாயால் சொல்ல, அவர் கேட்காதது போல மறுபடி ஊற்றினார். பெரியப்பா மூன்றாவது கிண்ணம் முடித்ததும் அதை இரண்டு விரலில் பிடித்து இடமும் வலமுமாக லேசாக ஆட்டினார். உடனே இளைஞர் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். பெரியவர் சத்தமாகச் சிரித்தார், எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார்.

"அர்பாப் கா கர் மே. நைன்டீன் எய்ட்டி ஃபைவ்."

ஓர் எமிராத்தி முதலாளி வீட்டு மதில்சுவர் வேலைக்குப் போனபோது, மத்தியானம் வேலைக்காரர்களையும் அவர் தன் மஜ்லிஸில், அதாவது விருந்தினர் கூடத்தில், உட்காரவைத்துக் கஹ்வா கொடுப்பாராம். நாற்பது வருஷம் முன்பு பார்த்த கை அசைவை அந்தக் கை மறக்கவில்லை. கஹ்வாவையும் மஜ்லிஸையும் 2015-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தப் பாயில் உட்கார்ந்திருந்த யாருக்கும் அது பெரிய சமாச்சாரமாகத் தெரிந்திருக்காது.

காற்றுக் கோபுரம், ஏசி, கழியில் தோணி, கஹ்வா எல்லாமே அந்த வெயிலுக்குச் சொன்ன பதில்கள்தானே என்று திரும்பும்போது தோன்றியது. நிழல், தண்ணீர், கொஞ்சம் குளிர்ச்சி. இவை மூன்றும்தான் அந்த மண்ணில் என்றைக்கும் ஆடம்பரம். பஸ்தகியா வியாபாரி அதை ஒரு கோபுரமாகக் கட்டினார், இவர்கள் 163 மாடியாகக் கட்டியிருக்கிறார்கள். யார் அந்த நிழலைக் கட்டினார்கள், கட்டியவர்கள் எங்கே நின்றார்கள் என்பதும் பெரிதாக மாறவில்லை. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று இப்போது சட்டம் இருக்கிறது. பெரியப்பா காலத்தில் அது இல்லை.

ரோட்டோரம் ஒரு மரம். "நிறுத்தும்மா, நிறுத்து."

தனியாக, மணலில், தலை தாழ்ந்து குடை மாதிரி நின்றது. இங்கே காஃப் என்பார்கள், அமீரகத்தின் தேசிய மரம், வெட்டினால் தண்டனை. முப்பது மீட்டர் ஆழத்துக்குக்கூட வேர்விட்டு நீர் தேடும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பெரியப்பா ஓடாத குறையாகப் போய்க் கிளையைப் பிடித்து இழுத்தார். பொடி இலைகள், காம்பில் இரண்டு பக்கமும் சீப்புப் பல் மாதிரி. முள். காய்ந்த நெற்று.

"இது வன்னிம்மா. நம்ம கோயில் வன்னி."

நான் நம்பவில்லை. போனை எடுத்துத் தேடினேன். புரோசோபிஸ் சினரேரியா. காஃபும் அதுதான், வன்னியும் அதுதான். விருத்தகிரீஸ்வரர் கோயிலில் நான் பிள்ளையிலிருந்து சுற்றி வந்த தல மரம், பாண்டவர்கள் ஆயுதத்தை ஒளித்து வைத்ததாகச் சொல்லும் மரம், பதினோரு வருஷமாக இங்கே ரோட்டோரம் நின்றிருக்கிறது. அதன் ஒன்றுவிட்ட தம்பி சீமைக் கருவேலமும் வந்து சேர்ந்து இங்கேயும் தொல்லை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது, அது வேறு கதை.

டிக்கியிலிருந்து பாயை எடுத்து விரித்தேன். பெரியப்பா துண்டை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த கதையையே திரும்பச் சொன்னார். விபசித்து முனிவர் எங்கள் ஊர்க் கோயிலைக் கட்டியபோது கூலிக்குப் பணம் இல்லை. சாயங்காலமானால் வன்னி இலையை உருவிக் கொடுப்பார். ஆற்றைத் தாண்டிப் போய் மடியைப் பிரித்துப் பார்த்தால், யார் எவ்வளவு உழைத்தாரோ அவ்வளவுக்குப் பொன்னாக இருக்கும். சோம்பேறிக்கு இலையாகவே இருக்கும்.

"எனக்கு ஒருத்தன் ரெண்டு மாசச் சம்பளம் பாக்கி வச்சிருக்கான். எண்பத்தாறுல. காண்ட்ராக்டு முடிஞ்சுதுன்னு ராத்திரியோட ராத்திரியா ஓடிட்டான்."

"எவ்வளவு பெரியப்பா?"

"ஆயிரத்து இருநூறு திராம்." கீழே உதிர்ந்து கிடந்த இலையில் கொஞ்சம் கூட்டி அள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "வட்டியெல்லாம் வேணாம், இது போதும்."

சிரித்துக்கொண்டே தூங்கிப் போனார். நான் கார் கதவைத் திறந்து வைத்து ஏசியைப் போட்டுப் பார்த்தேன், அங்கே வரை காற்று வரவில்லை. அணைத்துவிட்டு மரத்தடிக்கே வந்து உட்கார்ந்தேன். அரைமணி கழித்துக் கால்மாட்டில் வெயில் ஏறியிருந்தது. பெரியப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"பாயை இந்தாண்ட இழும்மா. நெழலு நகந்துடுச்சு."